ஹாட்டி மெக்டானியலின் ஆஸ்கரைக் கொண்டாடுவதா, வேண்டாமா?

தாழை (இழையைத் தொடங்கியவர்)

ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் ஹாட்டி மெக்டானியல் என்று வினாடி வினாப் புத்தகங்களில் படித்திருப்போம். அதோடு கதை முடிந்துவிடும். அன்று என்ன நடந்தது என்று யாரும் சொல்வதில்லை.

1940 பிப்ரவரி 29, லாஸ் ஏஞ்சலிஸ், அம்பாசடர் ஓட்டல். கறுப்பர்களை உள்ளே விடாத இடம் அது. 'கான் வித் த விண்ட்' படத்தின் தயாரிப்பாளர் செல்ஸ்னிக் தனியாகக் கேட்டுக்கொண்ட பிறகுதான் ஹாட்டியை அனுமதித்தார்கள். அப்போதும் படக்குழுவோடு உட்கார வைக்கவில்லை. சுவரோரமாக ஒரு சின்ன மேசை. அங்கிருந்து எழுந்து போய்த்தான் பரிசை வாங்கினார். அதற்கு முந்தைய டிசம்பரில் அட்லாண்டாவில் படத்தின் முதல் காட்சி நடந்தபோது, ஜார்ஜியாவின் இனப்பிரிவினைச் சட்டங்களால் அவர் போகவே முடியவில்லை.

சரி, பரிசு எந்த வேடத்துக்கு? மேமி. எசமானர் வீட்டுப் பெண்ணை வளர்த்து, அதட்டி, சட்டை இறுக்கிக் கட்டிவிட்டு, அடிமை முறை ஒழிந்த பிறகும் அந்த வீட்டை விட்டுப் போக நினைக்காத பருத்த ஆயா. சொந்தப் பெயர் இல்லை. புருஷன், பிள்ளை யாரும் திரையில் இல்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹாட்டியின் திறமையில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் கறுப்பினப் பெண்ணை எந்த உருவத்தில் பார்த்தால் வெள்ளை ரசிகருக்கு உறுத்தாதோ, அந்த உருவத்துக்குத்தான் ஹாலிவுட் பரிசு கொடுத்தது. அடுத்த கறுப்பின நடிகை ஆஸ்கர் வாங்க 51 ஆண்டுகள் ஆயின. 1991இல் ஊப்பி கோல்ட்பர்க். சிறந்த நடிகை விருது 2002இல் ஹாலி பெரிக்குக் கிடைத்தது, அந்த வரிசையில் இன்றுவரை அவர் ஒருவர்தான். 2012இல் ஆக்டேவியா ஸ்பென்சர் துணை நடிகை விருது வாங்கியதும் வீட்டுப் பணிப்பெண் வேடத்துக்குத்தான்.

கொண்டாடலாம் என்பவர்கள் வந்து சண்டை போடுங்கள்.

பழையசுருள்

வந்துவிட்டேன்.

தாழை, நீங்கள் படத்தை மட்டும் பார்த்து ஆளை விட்டுவிட்டீர்கள். ஹாட்டியின் பெற்றோர் இருவருமே அடிமைகளாக இருந்தவர்கள். அப்பா ஹென்றி உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சண்டை போட்டவர். ஹாட்டி சும்மா யாரோ பிடித்து நடிக்க வைத்த ஆள் இல்லை. மேடைக் கலைஞர், பாட்டெழுதுவார், 1920களில் ப்ளூஸ் இசைத்தட்டு வெளியிட்டவர். பொருளாதாரச் சரிவு வந்ததும் மில்வாக்கியில் ஒரு விடுதியில் கழிப்பறைப் பணியாளராக இருந்துகொண்டே பாட வாய்ப்புக் கேட்டு வாங்கினார். 1931இல் ஹாலிவுட் போனபோது அவருக்குத் திறந்திருந்தது பணிப்பெண் வேடம் ஒன்றுதான். அதை எப்படி நடித்தார் என்று பாருங்கள். எசமானியைப் பார்க்கும் அந்தப் பார்வையில் 'உன் பவுசு எனக்குத் தெரியாதா' என்று ஒன்று இருக்கும். கைகட்டி நிற்கும் ஆயா அல்ல அது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. நடித்துச் சம்பாதித்த காசில் லாஸ் ஏஞ்சலிஸின் வெஸ்ட் ஆடம்ஸ் பகுதியில் பெரிய வீடு வாங்கினார். சுகர் ஹில் என்று அந்த இடத்துக்குப் பெயரே வந்துவிட்டது. கறுப்பர்களுக்கு வீடு விற்கக் கூடாது என்ற பழைய பத்திர நிபந்தனையைக் காட்டி வெள்ளை அண்டை வீட்டார் வழக்குப் போட்டார்கள். ஹாட்டி மற்ற வீட்டுக்காரர்களைத் திரட்டி எதிர்த்து நின்றார். வழக்கறிஞர் லோரன் மில்லர். 1945 டிசம்பரில் நீதிபதி தர்மண்ட் கிளார்க் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1948இல்தான். அதற்கு மூன்று ஆண்டு முன்பே 'மேமி' ஜெயித்துவிட்டார்.

கொண்டாடாமல் என்ன செய்வது?

குமரேசன்_திருச்சி

எனக்கு ஒரு சந்தேகம். திட்டாதீர்கள். சமையல்காரி, ஆயா வேடம் போட்டால் என்ன தப்பு? உலகத்தில் சமையல்காரிகள் இல்லையா? 2024இல் ட'வைன் ஜாய் ராண்டால்ஃப் 'த ஹோல்டோவர்ஸ்' படத்தில் பள்ளிச் சமையற்கூடத்து ஆளாக நடித்துத்தான் ஆஸ்கர் வாங்கினார். அந்தப் படம் பார்த்து நான் அழுதிருக்கிறேன். அதுவும் அச்சில் வார்த்த பாத்திரமா?

தாழை

நல்ல கேள்விதான், திட்ட மாட்டேன். வேலை என்ன என்பது என் பிரச்சினை இல்லை. அந்தப் படத்தில் மேரிக்கு வியட்நாம் போரில் இறந்துபோன ஒரு மகன் இருக்கிறான். அவளுடைய துக்கத்துக்குப் படம் இடம் கொடுக்கிறது. யாருக்கும் ஆறுதல் சொல்லாமல் அவள் பாட்டுக்கு உட்கார்ந்து குடிக்கிறாள், எரிச்சல்படுகிறாள். மேமிக்கு அப்படி ஒரு நிமிடமாவது இருக்கிறதா? அவள் அழுதால் அந்த வீட்டாருக்காக அழுகிறாள்.

பழையசுருள் சார், சுகர் ஹில் கதை அருமை. ஆனால் அது என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. நிஜ வாழ்க்கையில் வெள்ளைக்காரர்கள் போட்ட வழக்கை எதிர்த்து நின்று ஜெயித்த ஒரு பெண்ணின் கதையை ஹாலிவுட் ஒருநாளும் அவருக்கு நடிக்கக் கொடுக்கவில்லையே.

விளம்பரக்காரன்

நான் இருபது வருடமாக விளம்பரத் தொழிலில் இருக்கிறேன். மேமி சினிமாவில் பிறந்தவள் இல்லை, எங்கள் தொழிலில் ஏற்கெனவே காசு பார்த்துக் கொடுத்தவள்.

1889. மிசௌரி மாநிலம், செயின்ட் ஜோசஃப் ஊர். ரட், அண்டர்வுட் என்று இரண்டு பேர் பான்கேக் மாவுக் கலவை ஒன்றைத் தயாரிக்கிறார்கள். பெயர் அகப்படவில்லை. முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்யும் ஆட்டத்தைப் பார்க்கப் போன ரட், அங்கே பாடிய ஒரு பாட்டிலிருந்து 'ஆன்ட் ஜெமைமா' என்ற பெயரை எடுத்தார். பிறகு கம்பெனியை வாங்கிய டேவிஸ் என்பவர் ஒரு படி மேலே போனார். அந்தப் பெயருக்கு ஓர் உயிருள்ள ஆளைத் தேடினார். கென்டக்கியில் அடிமையாகப் பிறந்த நான்சி கிரீன் கிடைத்தார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அவர் பான்கேக் சுட்டுக் கொடுத்தபடி பழைய தெற்கத்திய பண்ணை வாழ்க்கை எவ்வளவு இனிமையானது என்று கதை சொல்ல வேண்டும். கூட்டம் அம்மிற்று.

அதே கண்காட்சி வளாகத்தில் கறுப்பின உரிமைப் போராளிகளான ஐடா பி. வெல்ஸும் ஃப்ரெடெரிக் டக்ளஸும் ஒரு துண்டுநூல் விநியோகித்தார்கள். இந்தக் கண்காட்சியில் கறுப்பின அமெரிக்கரின் சாதனைகளுக்கு ஏன் இடமில்லை என்று கேட்ட நூல் அது. இடமில்லாமல் என்ன, மாவுக் கடையில் இருந்ததே.

மாவு விற்பவனுக்கு ஏன் அடிமைப் பெண்ணின் முகம் தேவைப்பட்டது? அடிமை முறை ஒழிந்து முப்பது வருடம்கூட ஆகவில்லை. வீட்டில் சமையல்காரி வைத்துக்கொள்ள வசதியில்லாத நடுத்தர வெள்ளைக் குடும்பத்துக்கு, 'உனக்கும் ஓர் ஆயா உண்டு, பெட்டிக்குள் இருக்கிறாள்' என்று விற்றார்கள். தொழில்காரனாகச் சொல்கிறேன், அசாத்திய யோசனை. மனிதனாகச் சொல்லச் சொன்னால் கூசுகிறது.

நான்சி கிரீன் 1923இல் சிகாகோவில் கார் மோதி இறந்தார். கல்லறையில் பெயர்ப் பலகைகூட 2020 வரை இல்லை. பெட்டியில் இருந்த படத்துக்குத் தலைத்துணியை எடுத்துவிட்டு முத்துத் தோடு போட்டது 1989இல். பெயரையே கைவிடுவதாக அறிவித்தது 2020 ஜூனில், ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்குப் பிறகு. அப்போதுகூட ஜெமைமாவாக ஊர் ஊராகப் போய் நின்ற சில பெண்களின் குடும்பத்தார் எதிர்த்தார்கள். 'எங்கள் பாட்டி உழைத்துச் சம்பாதித்த வேலை இது, அவளைத் துடைத்தெறியாதீர்கள்' என்பது அவர்கள் வாதம். பழையசுருள் சொல்வதும் கிட்டத்தட்ட அதுதான்.

வடலி (டொராண்டோ)

விளம்பரக்காரன் அண்ணை 1923 என்று சொன்னதும் வேறொன்று ஞாபகம் வந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க செனட் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. வாஷிங்டன் நகரில் 'விசுவாசமான மேமி'க்கு நினைவுச்சின்னம் கட்ட இடம் ஒதுக்க வேண்டும் என்று. கேட்டது உள்நாட்டுப் போரில் தோற்ற தெற்கின் போர்வீரர் குடும்பப் பெண்களின் சங்கம். கறுப்பினப் பத்திரிகைகளும் பெண்கள் அமைப்புகளும் கொதித்தெழ, கீழவையில் அது கிடப்பில் போனது.

அதற்குச் சில வாரங்கள் முன்புதான், 1922 டிசம்பரில், கும்பல் கொலைகளைத் தடுக்க டயர் என்ற உறுப்பினர் கொண்டுவந்த மசோதாவைத் தெற்கத்திய உறுப்பினர்கள் பேசிப் பேசியே அதே செனட்டில் சாகடித்திருந்தார்கள். உயிரோடு இருக்கிற கறுப்பின மக்களைக் காப்பாற்றச் சட்டம் இல்லை, கற்பனை ஆயாவுக்குச் சிலை. மேமியின் சிரிப்பு யாருக்கு வேலை செய்தது என்று இதற்கு மேல் விளக்க வேண்டுமா?

அடிமைக் காலத்தில் எசமானர் வீட்டுக்குள் வேலை செய்த பெண்கள் பலர் இளம்பெண்கள், சிறுமிகள்கூட. வீட்டு ஆண்களின் வன்முறைக்கு ஆளானவர்கள். அவர்களை வயதான, பருத்த, யாருக்கும் ஆசை வராத ஆயாவாக வரைந்துவிட்டால் அந்தக் குற்றம் நடக்கவே இல்லை என்றாகிவிடும்.

பழையசுருள்

வடலியின் பதிவுக்குப் பிறகு கொஞ்சம் இறங்கி வருகிறேன், முழுதாக இல்லை.

இதையும் கேளுங்கள். 1940களில் அமெரிக்க வானொலியில் 'பியூலா' என்ற வீட்டுப் பணிப்பெண் பாத்திரம் மிகப் பிரபலம். முதலில் அதற்குக் குரல் கொடுத்தவர் மார்லின் ஹர்ட் என்ற வெள்ளைக்கார ஆண்! பின்னால் 1947இல் ஹாட்டி அந்த வேடத்துக்கு வந்தபோது கொச்சை பேசுவதற்கு மறுத்து வசனத்தை மாற்ற வைத்தார். எல்லைக்குள் நின்றே அவர் போட்ட சண்டைகள் இவை.

'கான் வித் த விண்ட்' படத்திலேயே பிரிஸி என்ற பணிப்பெண்ணாக வந்த பட்டர்ஃப்ளை மெக்குவின் வேறு வழியில் போனார். ஒரு கட்டத்தில் இந்த வேடங்களே வேண்டாம் என்று விலகி, கிடைத்த வேலையெல்லாம் செய்து, 1975இல் 64 வயதில் நியூயார்க்கில் அரசியலறிவியல் பட்டம் வாங்கினார். இருவரில் ஒருவரை மட்டும் சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குமரேசன்_திருச்சி

இதெல்லாம் எண்பது வருடத்துக் கதை. இப்போது அப்படியா இருக்கிறது? மேமி எங்கே இருக்கிறாள்?

தாழை

மேமி கொஞ்சம் பின்னால் போனாள். அவளுக்குப் பக்கத்திலேயே இன்னொருத்தி வளர்ந்துகொண்டிருந்தாள். 'ஏமோஸ் அண்ட் ஆண்டி' வானொலித் தொடரை 1928இல் தொடங்கியவர்கள் இரண்டு வெள்ளைக்காரர்கள். அதில் சஃபையர் என்ற மனைவி பாத்திரம்: இடுப்பில் கைவைத்துக்கொண்டு எந்நேரமும் புருஷனைக் கரித்துக்கொட்டுவாள். 1951இல் தொலைக்காட்சிக்கு வந்தபோது கறுப்பின உரிமைக்கான என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பு எதிர்த்துப் போராடியது. தொடர் நின்றது, அந்த ஆத்திரக்காரி நிற்கவில்லை. எந்தக் கறுப்பினப் பெண் குரலை உயர்த்தினாலும் அந்த முகமூடி தயாராக இருக்கும்.

அரசியலுக்கும் ஒன்று செய்துவைத்தார்கள். 1976 தேர்தல் பிரசாரத்தில் ரீகன் மேடைக்கு மேடை சிகாகோ பெண் ஒருத்தியின் கதையைச் சொன்னார். 80 பெயர், 30 முகவரி, வருடத்துக்கு 1,50,000 டாலர் அரசு உதவிப்பணம் என்று. அப்படி ஏமாற்றிய ஒரு பெண் உண்மையில் இருந்தாள், ஆனால் நீதிமன்றத்தில் நிரூபணமானது அதில் ஒரு துளி. அவர் அவளுடைய நிறத்தைச் சொல்லவே இல்லை. சொல்லாமலே எல்லாரும் ஒரே முகத்தை நினைத்துக்கொண்டார்கள் பாருங்கள், அதுதான் இந்த அச்சின் பலம்.

குமரேசன்_திருச்சி

செரீனா வில்லியம்ஸ் 2018 அமெரிக்க ஓபன் இறுதிப் போட்டியில் நடுவரைத் திட்டியதும் மட்டையை உடைத்ததும் நிஜம்தானே? கோபப்பட்டதைக் கோபம் என்று வரைந்தால் என்ன குற்றம்?

வடலி

கோபத்தை வரையலாம். எப்படி வரைந்தார்கள் என்று பாருங்கள். மெல்பர்னின் 'ஹெரால்ட் சன்' நாளிதழில் மார்க் நைட் வரைந்த படம் அது. செரீனாவின் உதட்டையும் உடம்பையும் பழைய கரிபூச்சு ஆட்டங்களின் சுவரொட்டிபோலப் பெருக்கியிருந்தார். தரையில் குழந்தைகள் வாயில் வைத்துச் சப்பும் ரப்பர் ஒன்று. எதிரே நயோமி ஒசாகா. அப்பா ஹெய்ட்டியர், அம்மா ஜப்பானியர், நல்ல மாநிறம். படத்தில் அவர் பொன்முடி வைத்த ஒல்லியான வெள்ளைக்காரப் பெண்போல நிற்கிறார். நடுவர் அவரிடம் 'அவளை ஜெயிக்க விட்டுவிடக் கூடாதா' என்று கேட்கிறார். அன்று ஒசாகா முடியில் பொன்னிறச் சாயம் இருந்தது என்று ஓவியருக்காக வாதாடினார்கள். சரி, தோலுக்கு என்ன சாயம் பூசியிருந்தார்?

ஆஸ்திரேலியப் பத்திரிகைக் கவுன்சில் 2019இல் படம் விதிகளை மீறவில்லை என்று சொல்லிவிட்டது. ஆண்கள் டென்னிஸில் மட்டையை உடைத்தவர்களை 'சுட்டிப்பயல்' என்று கொஞ்சி விளம்பரத்தில் நடிக்கவைத்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

செவிலியக்கா

வழக்கமாகப் படித்துவிட்டுப் போய்விடுவேன். செரீனா பெயர் வந்ததால் எழுதுகிறேன். அமெரிக்காவில் பிரசவப் பிரிவில் செவிலியாக வேலை பார்க்கிறேன்.

நீங்கள் பேசியது ஆயாவும் ஆத்திரக்காரியும். மூன்றாவது ஒருத்தி இருக்கிறாள், அவளை எல்லாரும் பாராட்டு என்று நினைத்துக் கைதட்டுகிறார்கள்: எதையும் தாங்கும் பலசாலிப் பெண். தொடர்களில் பாருங்கள், கறுப்பினப் பெண் மருத்துவராகவோ போலீஸாகவோ நீதிபதியாகவோ வருவாள். கம்பீரமாக இருப்பாள், நாயகிக்குப் புத்தி சொல்வாள், தோள் கொடுப்பாள். அவளுக்கு ஒரு தலைவலிகூட வராது.

செரீனாவுக்கு 2017 செப்டம்பரில் அறுவைசிகிச்சை மூலம் குழந்தை பிறந்தது. மறுநாள் மூச்சு முட்டியது. அவருக்கு முன்பே நுரையீரலில் ரத்தக்கட்டி வந்த வரலாறு உண்டு, அதனால் இது என்ன என்று அவருக்குத் தெரியும். ஸ்கேன் எடுங்கள், ரத்தம் கட்டாமலிருக்க மருந்து கொடுங்கள் என்று தானே சொல்லியிருக்கிறார். வலி மருந்தில் குழம்பிப் பேசுகிறார் என்று செவிலி நினைத்தார். முதலில் காலுக்கு ஸ்கேன் எடுத்து ஒன்றுமில்லை என்றார்கள். அவர் விடாமல் கேட்ட பிறகு நெஞ்சுக்கு எடுத்தால் நுரையீரலில் கட்டிகள். இதையெல்லாம் 2018 தொடக்கத்தில் 'வோக்' இதழில் அவரே விவரித்தார். உலகப் புகழ், பணம், எல்லாம் இருந்தவருக்கு இந்தக் கதி.

2016இல் வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் வெள்ளையின மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி மருத்துவர்களிடமும் ஆய்வு செய்தார்கள். கறுப்பர்களின் தோல் தடிமனானது போன்ற தவறான நம்பிக்கைகளில் ஒன்றையாவது பாதிப் பேர் ஏற்றார்கள். அமெரிக்காவில் பிரசவத்தை ஒட்டி இறக்கும் கறுப்பினத் தாய்மாரின் விகிதம் வெள்ளையினத் தாய்மாருடையதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. இதற்குப் பல காரணங்கள் உண்டு, தொலைக்காட்சித் தொடரால்தான் சாகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் படுக்கையில் கிடக்கும் பெண் வலிக்கிறது என்று மெதுவாகச் சொன்னால் 'இவள் தாங்குவாள்' என்கிறார்கள், உரக்கச் சொன்னால் 'இவள் ஆத்திரக்காரி' என்று குறித்துவைக்கிறார்கள். ஒரே நோயாளியைப் பற்றி இரண்டையும் பணிமாற்ற நேரத்தில் காதால் கேட்டிருக்கிறேன்.

விளம்பரக்காரன்

அக்கா, இந்த இழையிலேயே சிறந்த பதிவு இது.

நச்செள்ளை

நம் பக்கம் ஒரு கேள்வி. 2020இல் கமலா ஹாரிஸ் துணை அதிபர் வேட்பாளரானதும் மன்னார்குடி பக்கத்தில் துளசேந்திரபுரத்தில் பேனர், கோலம், கோயிலில் அபிஷேகம். நம் ஊடகங்கள் முழுக்க 'தமிழகத்து வம்சாவளி', சித்தி, இட்லி, தாத்தா கோபாலன். அப்பா டொனால்ட் ஹாரிஸ் ஜமைக்காக்காரர் என்பது எத்தனை செய்தியில் முதல் பத்தியில் வந்தது? கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கிய ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தவர், தன்னைக் கறுப்பினப் பெண் என்று எப்போதும் சொல்லிக்கொண்டவர். நாம் அந்தப் பாதியை நைசாக மடித்து உள்ளே வைத்துவிட்டோம்.

அங்கே அவருக்குக் கிடைத்ததோ அந்தப் பாதிக்கான முழு மரியாதை. 2020 அக்டோபரில் துணை அதிபர் விவாதம் முடிந்த மறுநாள் டிரம்ப் அவரை 'அரக்கி' என்றார். 2024 ஜூலையில் சிகாகோவில் கறுப்பினப் பத்திரிகையாளர் கூட்டத்தில், இவர் திடீரென்று கறுப்பராக மாறிவிட்டார் என்றார். சிரித்தால் சிரிப்பைக் கேலி, சிரிக்காவிட்டால் கடுகடுப்பு.

குமரேசன்_திருச்சி

இது சுருக்கென்று தைத்தது. அந்த இட்லிச் செய்திகளை நானும் பகிர்ந்தவன்தான். அப்படியே நம் சினிமாவையும் சொல்லிவிடுங்கள். 'சிவாஜி' படத்தில் அங்கவை, சங்கவை என்று இரண்டு பெண்களுக்கு மை பூசி நிறுத்திச் சிரிக்க வைத்தார்களே.

மட்டுறுத்துநர்

சிவப்பழகு கிரீம், நம் படங்களில் நிறக்கேலி பற்றி வந்த பதினோரு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். ஆன்ட் ஜெமைமாவுக்கு முடிவு வந்த அதே 2020 ஜூனில்தான் இங்கே 'ஃபேர்' என்ற சொல்லையும் எடுப்பதாக அறிவித்தார்கள், தொடர்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அடிமை வரலாறும் நம் நிற மோகமும் ஒன்றல்ல; இரண்டையும் கலந்தால் இரண்டுமே சரியாகப் பேசப்படாது. குமரேசன், உங்கள் பதிவை மட்டும் இங்கே விட்டுவைக்கிறேன்.

தாழை

இன்னும் ஒன்று பாக்கி. யார் எழுதுகிறார்கள் என்பது. அமெரிக்காவின் பெரிய தொலைக்காட்சி வலையமைப்பில் ஒரு கறுப்பின நடிகையை முதன்மைப் பாத்திரமாக வைத்த நாடகத் தொடர் 1974க்குப் பிறகு 2012இல்தான் வந்தது. கெர்ரி வாஷிங்டன் நடித்த 'ஸ்காண்டல்'. எழுதியவர் ஷோண்டா ரைம்ஸ். அவரைப் பாராட்டுவதாக நினைத்து 2014இல் 'நியூயார்க் டைம்ஸ்' தொலைக்காட்சி விமர்சகர் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ரைம்ஸ் தன் சுயசரிதை எழுதினால் அதற்குத் தலைப்பில் 'கோபக்காரக் கறுப்பினப் பெண்' என்று வர வேண்டும் என்று முதல் வரி! நடிகை வயோலா டேவிஸின் அழகைப் பற்றியும் அதில் ஓர் இளக்காரம். மறு ஆண்டே நாடகத் தொடர் முதன்மை நடிகைக்கான எம்மி என்ற தொலைக்காட்சி விருதை முதன்முதலாக வாங்கிய கறுப்பினப் பெண் ஆனார் டேவிஸ்.

பழையசுருள் சார், ஹாட்டிக்கு என் மரியாதை கூடியிருக்கிறது. அந்தப் பரிசு மேல் என் கோபம் குறையவில்லை.

பழையசுருள்

நியாயம். அந்தப் பரிசே இப்போது இல்லை தெரியுமா? துணை நடிகர்களுக்கு அப்போது சிலை கிடையாது, சின்னப் பட்டயம்தான். இறக்கும்போது ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். அங்கே எப்போதோ காணாமல் போய்விட்டது. 2023இல்தான் ஆஸ்கர் வழங்கும் அகாதமி மாற்றுப் பட்டயம் ஒன்று செய்து கொடுத்தது. ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் புதைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. 1952இல் நிறத்தைக் காரணம் காட்டி அதையும் மறுத்தார்கள்.

குமரேசன்_திருச்சி

சரி, நல்லபடியாக எடுத்த ஒரு படம் சொல்லுங்கள். அழவைக்காததாக இருந்தால் தேவலை.

பழையசுருள்

ஜூலி டேஷ் 1991இல் எடுத்த 'டாட்டர்ஸ் ஆஃப் த டஸ்ட்'. கறுப்பின அமெரிக்கப் பெண் ஒருவர் இயக்கி, நாடு தழுவித் திரையரங்குகளுக்கு வந்த முதல் முழுநீளப் படம். 1902, கடலோரத் தீவு ஒன்றில் ஒரு குடும்பம் வடக்கே குடிபெயரப் போகும் நாள். ஆயா இல்லை, ஆத்திரக்காரி இல்லை. பாட்டி, பேத்தி, மருமகள், ஊரை விட்டுப் போய்த் திரும்பியவள் என்று ஒரு வீடு நிறையப் பெண்கள், ஒருத்திக்கு ஒருத்தி ஒத்துப்போகாதவர்கள். பேச்சு அந்தத் தீவுக் கறுப்பின மக்களின் 'கல்லா' (Gullah) வழக்கில் இருக்கும், முதல் அரைமணி நேரம் யார் யாருக்கு என்ன உறவு என்றே பிடிபடாது. பொறுமையாகப் பாருங்கள். 2016இல் புதுப்பித்த பிரதியைத் தேடிப் பிடியுங்கள், பழைய நகலில் நிறமெல்லாம் செத்துக் கிடக்கும்.

குமரேசன்_திருச்சி

சனிக்கிழமை பார்க்கிறேன். உறவுமுறை பிடிபடாவிட்டால் இங்கேயே வந்து கேட்பேன்.